கைக்கு வேலை, காதுக்கு ரேடியோ



கடந்த சில இதழ்களில் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று கணக்கு வழக்காகவே பேசி வந்தோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. பாட்டு கேட்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். "குழுவுக்கும் பாட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். படித்துப் பாருங்கள். சம்பந்தம் இருக்கா இல்லையா என்று உங்கள் கூட்டத்தில் நீங்களே பேசிக் கொள்ளுங்கள்.

இன்று அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு டச் போன் வந்துவிட்டது. யூடியூப், ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் என்று எத்தனையோ வழிகள். எந்தப் பாட்டு வேண்டுமோ அதை, எந்த நேரத்தில் வேண்டுமோ அந்த நேரத்தில், இணையத்தில் இருந்து இறக்கி இறக்கிக் கேட்கலாம். இதைத்தான் ஸ்ட்ரீமிங் என்கிறார்கள். இவ்வளவு வசதி வந்த பிறகும் நாங்கள் களப்பணிக்கு ஊர் ஊராகப் போகும்போது ரேடியோ சத்தம் கேட்கத்தான் செய்கிறது. தையல் மெஷின் பக்கத்தில், பீடி சுற்றும் திண்ணையில், பால் கறக்கும் கொட்டகையில், டீக்கடையில். இது ஏன் என்பதுதான் நமது முதல் கேள்வி.

கையும் கண்ணும் வேலையில்

பீடி சுற்றும் ஒரு அக்காவிடம் கேட்டோம். "போனுக்குக் கை வேணும், ரேடியோவுக்குக் காது போதும்" என்றார். எவ்வளவு சரியான பேச்சு பாருங்கள். மடியில் முறம், விரலில் புகையிலைத் தூள். ஒரு பாட்டு முடிந்து விளம்பரம் வந்தால் அதைத் தள்ளிவிட போனைத் தொட வேண்டும். தொட்டால் சுற்றுகிற வேகம் குறையும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அந்த ஒவ்வொரு நிமிடமும் காசு. மாவு பிசைகிற கை, சாணி அள்ளுகிற கை, நாற்று பிடித்த கை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ரேடியோவைக் காலையில் ஒரு முறை திருகிவிட்டால் போதும்.

எழுத்தும் ஒரு காரணம். போனில் பாட்டு தேட எழுதத் தெரிய வேண்டும். இப்போது வாயால் சொன்னாலே தேடித் தருகிறது என்பது உண்மை. ஆனால் பாட்டின் முதல் வரி ஞாபகம் இருந்தால்தானே சொல்ல முடியும்? நமக்கு ஞாபகம் இருப்பது பல நேரம் மெட்டு மட்டும்தான்.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். சாதாரண தரத்தில் பாட்டை மட்டும் (படம் இல்லாமல்) இணையத்தில் கேட்டால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்.பி. டேட்டா போகும். ஒரு மணி நேரத்துக்கு 60 எம்.பி. தினமும் 4 மணி நேரம் வேலை செய்துகொண்டே கேட்டால் 240 எம்.பி. படத்தோடு யூடியூபில் ஓடவிட்டால் இதைப் போலப் பல மடங்கு. பிள்ளைகளின் படிப்புக்காக எப்படியும் டேட்டா போடுகிறோம், அதில் பாட்டும் கேட்டுக் கொள்கிறோம் என்பவர்களுக்குத் தனிச் செலவு இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 28 நாள் ரீசார்ஜ் என்பது வருடத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை. இதை நிறையப் பேர் கணக்கில் எடுப்பதில்லை. 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகள் எல்லாம் கட்டணத்தை ஏற்றியதும் உங்களுக்குத் தெரியும். ரேடியோவுக்கு மாதக் கட்டணம் கிடையாது. முன்பு அதற்கும் இருந்தது. 1980-கள் வரை ரேடியோ பெட்டி வைத்திருந்தால் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சின்னப் புத்தகத்தைப் பெரியவர்கள் யாராவது பெட்டியடியில் இன்னும் வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

கடலோரப் பகுதி உறுப்பினர்களுக்கு இன்னொன்றும் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது கரண்ட் கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் டவர்கள் செத்துப் போயின. அப்படிப்பட்ட நாளில் சார்ஜ் போட வழியில்லாத போன் வெறும் கல்தான். ரேடியோவோ எங்கேயோ தூரத்தில் இருக்கிற நிலையம் வேலை செய்தால், இரண்டு பேட்டரி செல்லில் பேசிக்கொண்டிருக்கும்.

எந்தப் பாட்டு என்று முடிவு செய்தது யார்?

இப்போது பாடத்தின் முக்கியப் பகுதிக்கு வருவோம். நமக்கு ஒரு பாட்டு பிடிக்கிறது என்றால், அது தானாகப் பிடித்ததா? காதில் விழுந்ததுதானே பிடிக்கும்? காதில் எது விழ வேண்டும் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அது யார்?

சென்னையில் அகில இந்திய வானொலி 1938-லும் திருச்சியில் 1939-லும் தொடங்கின. ஒவ்வொரு வீட்டிலும் பெட்டி வாங்க முடியாத காலம். பின்னாளில் பல ஊர்களில் ஊராட்சி சார்பில் ஒரு ரேடியோ ரூம் கட்டி, குழாய் ஸ்பீக்கர் வைத்தார்கள். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள், பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் நின்று காதில் விழுந்த வரைக்கும் கேட்டுக் கொள்வார்கள் என்று மூத்த உறுப்பினர்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படிக் கேட்டதிலும் பலன் இருந்தது. 1960-களில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகத்தைத் திருச்சி வானொலி மூலம் தெரிந்து கொண்ட விவசாயிகள், அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பாட்டு விஷயத்தில் மட்டும் வானொலி நிலையத்துக்கும் கேட்கிறவர்களுக்கும் ஒத்துப் போகவில்லை. 1952 முதல் 1962 வரை மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி.வி. கேஸ்கர். சினிமாப் பாட்டு தரம் குறைந்தது, மக்கள் சாஸ்திரிய சங்கீதம்தான் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சினிமாக்காரர்களோடும் தகராறு வந்தது. நம் வானொலியில் சினிமாப் பாட்டு காணாமலே போனது.

மக்கள் என்ன செய்தார்கள்? சண்டை போடவில்லை. மனு கொடுக்கவில்லை. ரேடியோ முள்ளைத் திருகினார்கள், அவ்வளவுதான். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை வானொலி இருந்தது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்காகக் கொழும்பில் அமைத்த சக்தி வாய்ந்த ஒலிபரப்புக் கருவிகள் 1949-ல் இலங்கை வானொலியிடம் வந்து சேர்ந்திருந்தன. இங்கே தடுத்த பாட்டெல்லாம் அங்கிருந்து கணீரென்று கேட்டது, இந்தியிலும் தமிழிலும். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே அந்த அறிவிப்பாளர்களின் குரலில் வளர்ந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், பெண்களில் ராஜேஸ்வரி சண்முகம் என்று பெயர் சொன்னால் உங்கள் அம்மாவுக்கு முகம் மலரும். "பொங்கும் பூம்புனல்", "பாட்டுக்குப் பாட்டு", பிறந்தநாள் வாழ்த்து என்று எத்தனை நிகழ்ச்சிகள்! கடைசியில் நம் அரசே இறங்கி வந்து 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதியைத் தொடங்கியது. அதில் சினிமாப் பாட்டு போட்டார்கள்.

இதில் நாங்கள் கவனிக்கிற விஷயம் ஒன்று. அமைச்சர் சொன்னார் என்பதற்காக மக்களின் ரசனை மாறவில்லை. அதே நேரம், கேஸ்கர் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்றும் ஒதுக்க வேண்டியதில்லை. அவர் காலத்து வானொலியால்தான் காசு கொடுத்துக் கச்சேரி கேட்க முடியாதவர்களின் காதிலும் நல்ல நாதஸ்வரமும் வீணையும் விழுந்தன. தப்பு என்னவென்றால், கேட்கிறவர்களிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு 1976-ல் "அன்னக்கிளி" படம் வந்தது. இளையராஜாவின் முதல் படம். நம் வயல்காட்டு மெட்டுகளின் சாயல் சினிமாவில் ஏறி, ரேடியோ வழியாக நம் வயல்காட்டுக்கே திரும்பி வந்தது. அதைக் கேட்டபோது "இது நம்ம பாட்டாச்சே" என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்!

போன் எப்படிப் பாட்டு தேர்ந்தெடுக்கிறது?

"ரேடியோவில் யாரோ போடுறதைத்தான் கேக்கணும். போனில் நானே போட்டுக்குவேன்" என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். முதல் பாட்டு வரைக்கும் அது சரி. இரண்டாவது பாட்டைப் போடுவது யார்? நாம் எதையும் தொடாமல் விட்டால் அடுத்தடுத்து ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறதே, அது எப்படி?

அந்தச் செயலி நம்மைக் கணக்கு வைத்துக் கொள்கிறது. எந்தப் பாட்டை முழுசாகக் கேட்டோம், எதைப் பாதியில் தள்ளினோம், நம்மைப் போலக் கேட்கிற மற்றவர்கள் அடுத்து எதைக் கேட்டார்கள் என்பதையெல்லாம் பார்த்து, நாம் தள்ளாமல் கேட்கக் கூடியது எதுவோ அதைப் போடும். நாம் கூடுதல் நேரம் கேட்டால் அவர்களுக்கு விளம்பர வருமானம். குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, அவர்கள் தொழில் அது. ஆனால் நேற்றுக் கேட்டதைப் போன்றதே இன்றும் வரும், நாளையும் வரும். பூண்டு ஊறுகாய் பிடிக்கும் என்று ஒரு தடவை சொன்னதற்காகத் தினமும் இலையில் பூண்டு ஊறுகாயே வைத்தால் எப்படியிருக்கும்?

இதில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வீடுகளில் ஒரு போனை நாலு பேர் பயன்படுத்துகிறோம். மகன் கேட்ட குத்துப் பாட்டு, பேரக் குழந்தைக்குப் போட்ட கார்ட்டூன் பாட்டு, மாமியார் கேட்ட முருகன் பாட்டு எல்லாம் சேர்ந்து அந்தச் செயலிக்கு ஒரே ஆளாகத் தெரிகிறது. யார் அதிக நேரம் போனை வைத்திருக்கிறாரோ அவருடைய ரசனைதான் மேலே வரும். அது பெரும்பாலும் நாமாக இருப்பதில்லை.

போனில் நல்லதும் இருக்கிறது. முப்பது வருடமாகக் காதில் விழாத ஒரு பாட்டைத் தேடிக் கேட்டுக் கண் கலங்கியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். எந்த ரேடியோ நிலையமும் அதை நமக்காக அந்த நிமிடத்தில் போட்டிருக்காது. ஆனால் செயலியில் சேர்த்து வைத்த பட்டியல் நம் சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. விங்க் மியூசிக் என்ற செயலியை நிறையப் பேர் வைத்திருந்தார்கள். 2024-ல் அதை நடத்திய கம்பெனியே மூடிவிட்டது.

"உனக்குப் பிடிச்ச பாட்டு எது?"

இந்தப் பாடத்துக்காகச் சில குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி கேட்டோம். உங்களுக்குப் பிடித்த பாட்டு எது? சுலபமான கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டோம். வந்த பதில்களைப் பாருங்கள். "எங்க வீட்டுக்காரருக்கு எம்.ஜி.ஆர். பாட்டுன்னா உசுரு." "எம் பையன் எப்பவும் அனிருத்தான்." "அத்தை இருக்கிறப்போ பக்திப் பாட்டுதான் வைப்போம்." சரிக்கா, உங்களுக்கு? கொஞ்ச நேரம் அமைதி. "எனக்குன்னு என்ன, ஓடுறதைக் கேக்குறதுதான்."

நாங்கள் அங்கே கொஞ்சம் திகைத்துத்தான் போனோம். தீர்மான நோட்டில் தன் கருத்தைப் பதியச் சொல்கிறவர்கள், வங்கி மேலாளரிடம் நேருக்கு நேர் பேசுகிறவர்கள், தனக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தயங்கினார்கள். இதைத்தான் உங்கள் அடுத்த கூட்டத்தில் முதலில் பேசச் சொல்கிறோம். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் வீட்டில் யாருக்கும் பிடித்ததை அல்ல, தனக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். அதை முதலில் எங்கே, எதில் கேட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். யார் சொன்னதையும் யாரும் கேலி செய்யக் கூடாது.

நேயர் விருப்பம் என்ற நிகழ்ச்சியின் அருமை இங்கேதான் தெரிகிறது. அஞ்சல் அட்டையில் பெயரும் ஊரும் எழுதிப் போட்டால் வானொலியில் படிப்பார்கள். வீட்டில் "ஏய்", "இவளே" என்று கூப்பிடப்பட்ட பெண்ணின் பெயர், ஊர்ப் பெயரோடு சேர்ந்து, நாலு மாவட்டத்துக்குக் கேட்கும். இவர் இந்தப் பாட்டைக் கேட்கிறார் என்று சொல்வார்கள். அதே பாட்டைப் போனில் எத்தனை தடவை கேட்டாலும் அது கிடைக்காது.

எல்லா ரேடியோவும் ஒன்று என்று சொல்ல மாட்டோம். 2001-ல் இந்தியாவில் தனியார் எஃப்.எம். வந்தது. முதல் நிலையம் பெங்களூரில். அதன் பிறகு பேச்சு கலகலப்பானது, நம்மைப் போலவே பேசினார்கள், சந்தோஷம். ஆனால் புதுப் பட நாலு பாட்டையே காலை முதல் இரவு வரை சுற்றிச் சுற்றிப் போடுவதும், மனைவியைக் கிண்டல் செய்தால்தான் ஜோக் என்று நினைப்பதும் நமக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று அந்த நிலையத்துக்கே போன் போட்டுச் சொல்லலாம். பத்து குழுக்கள் சேர்ந்து சொன்னால் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

பெண்களே நடத்தும் ரேடியோ

பாட்டை நாமே தேர்ந்தெடுத்து, நாமே ஒலிபரப்பினால்? நடக்காத காரியம் இல்லை, நம்மைப் போன்ற பெண்கள் செய்திருக்கிறார்கள்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மாச்சனூர் என்று ஒரு கிராமம். அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் கீழ் ஊருக்கு ஊர் பெண்கள் சங்கங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் தலித் பெண்கள், சிறு நிலம் வைத்துக் கம்பு, சோளம், துவரை பயிர் செய்கிறவர்கள். 1990-களின் கடைசியிலேயே யுனெஸ்கோ உதவியோடு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துவிட்டார்கள். ஆனால் ஒலிபரப்ப அனுமதி இல்லை. காற்றலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியிருந்தும் சட்டம் வழிவிடவில்லை. அவர்கள் சும்மா இருக்கவில்லை. நிகழ்ச்சியைக் கேசட்டில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுப் போட்டுக் கேட்டார்கள். 2006-ல் மத்திய அரசு கொள்கையை மாற்றி, தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று அனுமதித்தது. 2008 அக்டோபர் 15, உலக கிராமப்புறப் பெண்கள் தினத்தன்று, "சங்கம் ரேடியோ" காற்றில் ஏறியது. பொறுப்பேற்று நடத்தியவர்கள் ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இரண்டு கிராமத்துப் பெண்கள். ஒலிபரப்பு, வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை நேரத்தில். விதை, உரம், மூலிகை, பண்டிகை என்று பேச்சு. அதோடு அந்த ஊர்ப் பெண்கள் நடவிலும் களையெடுப்பிலும் பாடும் பாட்டுகள். சினிமா ஸ்டூடியோ பார்க்காத குரல்கள்.

தமிழ்நாட்டிலும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. பாம்பனில் மீனவர்களுக்காக 2016-ல் "கடல் ஓசை" தொடங்கியது.

நம் கூட்டமைப்பு நாளைக்கே நிலையம் ஆரம்பிக்கப் போகிறது என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பதிவு பெற்று, குறைந்தது 3 ஆண்டு சமுதாயப் பணி செய்த அமைப்பாக இருக்க வேண்டும். கருவி, கட்டடம், ஆள் என்று லட்சக் கணக்கில் செலவு. சின்ன சக்தி ஒலிபரப்பு என்பதால் சுற்றுப்பட்டு கிராமங்களுக்குத்தான் கேட்கும், நமக்கு அதுவே போதும். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தியபோது, நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். உங்கள் பக்கம் ஏற்கெனவே சமுதாய வானொலி இருந்தால், அந்தக் குழுவில் பெண்கள் யார் யார் என்று போய்க் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இப்போதே செய்யக் கூடிய வேலை

அதுவரை ஒரு வேலை இருக்கிறது. ரேடியோ நம் பாட்டைப் போட வேண்டும் என்றாலும், போன் தேடித் தர வேண்டும் என்றாலும், முதலில் அந்தப் பாட்டு எங்கேயாவது பதிவாகி இருக்க வேண்டும். நடவு மெஷின் வந்த ஊர்களில் நடவுப் பாட்டு நின்றுவிட்டது. தாலாட்டுக்குப் பதில் தொட்டிலில் போனைத் தொங்கவிடுகிறோம். இந்தப் பாட்டெல்லாம் அறுபது, எழுபது வயதுப் பெரியம்மாக்களின் நெஞ்சில் மட்டும்தான் இருக்கிறது.

போனிலேயே ஒலிப்பதிவு செய்யும் வசதி இருக்கிறது. டேட்டா தேவையில்லை. பாடத் தெரிந்தவர் வீட்டுக்கு இரண்டு பேராகப் போங்கள். பாடுவதற்கு முன் அவர் பெயர், ஊர், வயது, இந்தப் பாட்டை யாரிடம் கற்றார், எந்த வேலைக்குப் பாடுவது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதியுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், அதன் சத்தம் பாட்டை அமுக்கிவிடும். ஒரே மூச்சில் பாடச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். மறந்த அடி பாதி ராத்திரியில் ஞாபகம் வரும், மறுநாள் போய்ச் சேர்த்துப் பதியலாம். அவர் சம்மதம் இல்லாமல் யூடியூபிலோ வாட்ஸ்அப் குரூப்பிலோ போடக் கூடாது. பாட்டு அவருடையது. ஊர்த் தம்பிகள் யாராவது "நல்லாருக்கு, அனுப்புங்க" என்று கேட்டாலும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

ஒப்பாரி பதிய விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடினால் ஆகாது என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். வீட்டுக்குள் உட்கார வைத்துப் பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். களத்து மேட்டுக்கோ கிணற்றடிக்கோ அழைத்துப் போங்கள். பாடி முடித்ததும் அவர்கள் அழுதால் ரெக்கார்டரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். குடிக்கத் தண்ணீர் கையோடு எடுத்துப் போவது நல்லது.

பதிந்ததை மெமரி கார்டில் ஏற்றி, கார்டின் மேல் குழுவின் பெயர் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் ஊர் வாரியாகச் சேர்த்து வைத்துவிட்டு, கார்டைத் திருப்பித் தந்துவிடுவோம்.